பாவப் பட்டியலில் இல்லாத பாவம்

எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவரை 'நல்ல கிறிஸ்தவர்' என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. குடிக்கமாட்டார், சிகரெட் கிடையாது, சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். தசமபாகம் பிசகாமல் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போதே வேட்டி மடிப்புக் கலையாமல் கோயிலில் இருப்பார். வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. பிள்ளைகளுக்குச் சங்கீதம் மனப்பாடம். இதே மனிதர் தன் மகனுக்குப் பெண் எடுத்தபோது எத்தனை பவுன் கேட்டார், எந்தச் சாதிக்குள் தேடினார், சேகரத் தேர்தலில் (சில சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம்) எப்படி ஓட்டுப் பிடித்தார் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

விசுவாசத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையே ஏன் இவ்வளவு தூரம் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். பதிலும் கையோடு வந்துவிடும்: ஜெபம் குறைந்துவிட்டது, வேதவாசிப்பு இல்லை, உலகம் சபைக்குள் வந்துவிட்டது. நான் சிறுவனாக இருந்தபோது குற்றவாளி டிவி. இப்போது செல்போன். மனித மனம் பலவீனமானது, மாம்சம் இழுக்கிறது, அதனால் சறுக்குகிறோம் என்பதுதான் இந்தப் பதிலின் சாரம்.

எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. குடியில் சறுக்கலாம், கோபத்தில் சறுக்கலாம். வரதட்சணையில் யாரும் சறுக்கி விழுவதில்லை. மூன்று மாதம் பேசி, உபவாச ஜெபம் வைத்து, தேதி குறித்து, பெரியவர்களைக் கூட்டி வைத்து வாங்குகிறோம். நிதானமாக, சொந்தபந்தம் எல்லாம் சாட்சியாக இருக்க, ஐயரின் ஆசீர்வாதத்தோடு நடக்கிற ஒரு காரியத்தைப் பலவீனம் என்று சொன்னால் அது பலவீனத்துக்கு அவமானம்.

(மற்ற ஊர்க்காரர்களுக்காக: திருநெல்வேலிச் சபைகளில் ஐயர் என்றால் குருவானவர். நான் பிறந்தது அங்கேயுள்ள சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபை என்ற புராட்டஸ்டண்ட் சபையைச் சேர்ந்த, நாடார் குடும்பத்தில். இனிமேல் 'நாங்கள்' என்று வருகிற இடத்திலெல்லாம் என் வீட்டையும் சேர்த்தே படித்துக்கொள்ளலாம்.)

சில வருஷங்களுக்கு முன் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். பெண் வீட்டு முற்றத்தில் பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், வந்தவர்களுக்கு அல்வாவும் மிக்சரும். ஐயர் பத்து மணிக்கே வந்துவிட்டார். வந்தவரை உள்ளே அழைக்காமல் வெளித் திண்ணையில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள். அவரும் உள்ளே போக முயலவில்லை. காபி முடிந்தது. பேப்பரை எடுத்து விளையாட்டுப் பக்கம் வரை படித்தார். உள் அறையில் பெண்ணின் தாய்மாமாவும் மாப்பிள்ளையின் சித்தப்பாவும் தரையில் விரித்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். எண்ணி முடித்து, மஞ்சள் பையில் போட்டு, பை கைமாறி, அது காருக்குப் போன பிறகு யாரோ சொன்னார்கள்: "ஐயரைக் கூப்பிடுங்க, ஜெபத்தோட ஆரம்பிச்சிரலாம்."

ஐயர் உள்ளே வந்து, கானாவூர்க் கல்யாணத்தை நினைவுகூர்ந்து, உருக்கமாக ஜெபித்தார். அவர் பணத்தைப் பார்க்கவில்லை, ஒருவரும் அவரிடம் அதைப் பற்றிச் சொல்லவும் இல்லை. ஆனால் எந்த நேரம் வரைக்கும் திண்ணையில் இருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் திண்ணையை வைத்துத்தான் நான் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்கிறேன். வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961இல். தேசத்தின் சட்டம் உள் அறைக்குள் நுழையாததில் ஆச்சரியமில்லை, அது எங்குமே நுழையவில்லை. சபையின் சட்டமும் திண்ணையோடு நின்றுவிடுவது எப்படி?

என் பதில் இதுதான். கிறிஸ்தவ வாழ்க்கை என்றால் என்ன என்பதற்கு நாங்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அந்தப் பட்டியலில் இருப்பதை ஓரளவு ஒழுங்காகவே கடைப்பிடிக்கிறோம். கல்யாணம், கல்லறை, சொத்து, பதவி என்று ஒரு மனிதனுக்கு உண்மையிலேயே விலை கொடுக்க வேண்டிய இடங்கள் பட்டியலுக்கு வெளியே இருக்கின்றன. அவை ஊர் வழக்கம், குடும்ப விஷயம். அதனால் குற்ற உணர்ச்சியும் இல்லை, மனந்திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை.

நம்பாதவர்கள் எந்தக் கிறிஸ்தவப் பத்திரிகையிலும் கடைசிப் பக்க மணமகன் - மணமகள் விளம்பரங்களைப் பாருங்கள். 'இரட்சிக்கப்பட்ட, ஊழிய வாஞ்சையுள்ள, ஐ.டி.யில் பணிபுரியும் மணமகன் தேவை' என்று ஆரம்பித்து, இரண்டு வார்த்தை தள்ளி சி.எஸ்.ஐ. இன்னது, ஆர்.சி. இன்னது, பெந்தெகொஸ்தே இன்னது என்று சாதி வந்து நிற்கும். ஞானஸ்நானம் எடுத்தபோது பழைய மனிதன் செத்துப்போனான் என்று சாட்சி சொன்னவர்கள்தான் இவர்கள். செத்தவனுடைய சாதிச் சான்றிதழை மட்டும் பத்திரமாக எடுத்துவைத்துக்கொண்டார்கள். 'சாதி தடையில்லை' என்று வருகிற விளம்பரங்களும் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை மறுமணமாகவோ வயது கூடியதாகவோ இருக்கும். மற்றதெல்லாம் தட்டிப்போன பிறகு கொடுக்கிற தள்ளுபடி மாதிரி.

பிள்ளைகள் தாங்களாகவே யாரையாவது விரும்பிவிட்டால் நடப்பது இன்னும் சுவாரஸ்யம். 'சாதி வேறே, அதனால் வேண்டாம்' என்று ஒரு பக்தியுள்ள தகப்பன் சொல்லவே மாட்டார். நெருங்கிய சொந்தத்தில் ஒரு பெண். பையனும் கிறிஸ்தவன், அதே டயோசிஸ் (ஒரு பிஷப்பின் கீழ் வரும் திருமண்டலம்), நல்ல வேலை, சபையில் கிட்டார் வாசிக்கிறவன். பையன் வீடு தலித் குடும்பம். பெண்ணின் அம்மா என்னிடம் சொன்னார்: "பையன் தங்கமான பையன்தாம்ப்பா. ஆனா நாங்க ஜெபிச்சுப் பார்த்தோம். ஆண்டவர் சமாதானம் தரலை." நான் கேட்டேன்: "மதினி, அண்ணனுக்கு வேற சாதியில எந்தப் பையனுக்காவது ஆண்டவர் சமாதானம் கொடுப்பாரா?" மதினி சிரித்துவிட்டு, "நீ ஒருத்தன்" என்று அடுப்படிக்குப் போய்விட்டார். தேவசித்தம் எங்கள் குடும்பங்களில் நூறாண்டுகளாகச் சாதி எல்லையைத் தாண்டாமல் நடந்துகொண்டு வருகிறது. அவ்வளவு கட்டுப்பாடான சித்தம்.

இது எங்கிருந்து வந்தது? எங்கள் முன்னோர் கெட்டவர்கள் என்றோ போலிகள் என்றோ சொல்லிவிட்டால் வேலை சுலபம். நடந்தது அப்படியில்லை.

மதுரைக்கு 1606இல் வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி காவி கட்டினார், தமிழும் சமஸ்கிருதமும் கற்றார், மேல்சாதியாரிடம் போக வேண்டும் என்பதற்காக மற்ற கிறிஸ்தவர்களிடமிருந்து விலகி இருந்தார். பூணூல், குடுமி, சந்தனம் எல்லாம் மத அடையாளம் அல்ல, சமூக வழக்கம் மட்டுமே, ஆகையால் கிறிஸ்தவனான பிறகும் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். சக பாதிரியார்களே எதிர்த்தார்கள். வழக்கு ரோமாபுரி வரை போய், 1623இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி பெருமளவு அவர் பக்கம் தீர்ப்பளித்தார். பண்பாட்டை மதித்த முன்னோடி என்று நொபிலியைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. கொண்டாட விஷயமும் இருக்கிறது. தமிழ் உரைநடைக்கு அவர் செய்தது சின்ன வேலையில்லை. ஆனால் அந்த ஒரு வாதம், 'இது மதமில்லை, வெறும் சமூக வழக்கம்' என்பது, நானூறு வருஷமாக எங்கள் வீடுகளில் உயிரோடு இருக்கிறது. 'கல்ச்சர் ஒத்துப்போகணும்லா' என்று இன்றைக்குப் பெண் பார்க்கிற பெரியம்மா சொல்வது நொபிலியின் வாதம்தான். பெரியம்மா சி.எஸ்.ஐ. என்பதால் அவருக்கு அது தெரியாது.

புராட்டஸ்டண்ட்டுகள் இதில் யோக்கியமா என்றால், இல்லை. தரங்கம்பாடியில் ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கித் தொடங்கிய லுத்தரன் சபையிலும் ஒரே கூரையின் கீழ் சாதிக்கு ஓர் இடமாகத்தான் உட்கார்ந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது பெரிய பிரச்சினையாகவே தெரியவில்லை. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்: சபைக்குள் சாதி வித்தியாசம் இருக்கக் கூடாது, உடனே, அறவே விட்டுவிட வேண்டும். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டமாகக் கோயிலை விட்டு வெளியேறினார்கள்.

தஞ்சையில் அந்த எதிர்ப்புக்கு முன்னால் நின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாஸ்திரியார். ஜெர்மன் மிஷனெரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், சரபோஜி மன்னரின் அவையில் மதிப்புப் பெற்றவர், அவருடைய கீர்த்தனைகள் இல்லாமல் இன்றைக்கும் தமிழ்ச் சபைகளில் ஆராதனை நடக்காது. வில்சனுக்குச் சில ஆண்டுகள் முன்பே புது மிஷனெரிகளோடு அவர் மல்லுக்கு நின்றார். அவர் வைத்த குறைகளைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், கோபமாகவும் இருக்கும். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றுகிறார்கள், கல்யாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள், தமிழ்ப் பாட்டை நிறுத்துகிறார்கள், சாதிகளைக் கலந்து உட்காரவைக்கிறார்கள். நாலும் அவருக்கு ஒரே தட்டில் இருந்தன. முதல் மூன்றில் நான் சாஸ்திரியார் கட்சி. வெள்ளைக்காரப் பிடிவாதம் அது. நாலாவதையும் அதே தட்டில் வைத்தது தற்செயலாக நடக்கவில்லை என்றே நினைக்கிறேன். பூவுக்காகவும் பாட்டுக்காகவும் பேசும்போது கிடைக்கிற நியாயம் சாதிக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

கோயிலை விட்டுப் போனவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. 1840களில் ஜெர்மனியிலிருந்து வந்த லைப்ஸிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் நிதானமாகப் போகலாம் என்ற கொள்கை கொண்டது. தஞ்சாவூர்க் கிறிஸ்தவர்களில் பலர் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ஒரு சபை கண்டித்தால் பக்கத்தில் இன்னொரு சபை கதவைத் திறந்து வைத்திருக்கும் என்பதை எங்கள் மக்கள் அப்போதே கற்றுக்கொண்டார்கள்.

இந்தக் கதையில் எனக்கு மறக்கமுடியாத இடம் வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடி, காவல்கிணறிலிருந்து கொஞ்ச தூரம். மேற்கே மலையும் சுற்றிலும் காற்றாலைகளும். நட்டாலத்தில் பிறந்து மார்த்தாண்டவர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்த நீலகண்டன் 1745 மே 14 அன்று ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனது அங்கேதான். உயர்குடியில் பிறந்தவர், எல்லாச் சாதியாரோடும் பழகினார், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போனார்கள். 1752 ஜனவரியில் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அதற்கு முன்னால் பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை'யை எடுக்க வேண்டும் என்று கோரிக்கை எழுந்து, வத்திக்கான் அதை எடுத்தது. எடுத்ததற்கு வருத்தப்பட்ட கிறிஸ்தவர்களும் இருந்தார்கள்.

அந்த ஞானஸ்நானம் நடந்த அதே ஊரில், நூறு வருஷம் கழித்து, கோயிலுக்குள் வேளாளருக்கும் நாடாருக்கும் நடுவே சுவர். 1870களில் புதுக் கோயில் கட்டியபோது பிரெஞ்சுப் பாதிரியார்கள் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். ஒரே பீடம், அதிலிருந்து இரண்டு கால்கள் போலப் பிரிந்து போகும் இரண்டு நீளமான மண்டபங்கள். ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் மற்றவர்கள். பூசை வைக்கிற சாமியாருக்கு இரண்டு பக்கமும் தெரியும், சனங்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. கால்சட்டைபோல இருக்கிறது என்று ஆட்கள் கேலி பேசிய கட்டடம். ஒரு கொத்தனாரும் ஒரு பாதிரியாரும் உட்கார்ந்து, அளவெடுத்து, கோடு போட்டு, இதைத் திட்டமிட்டிருப்பார்கள் என்று நினைக்கும்போது, பலவீனம், சறுக்கல் என்று பேசுகிற பிரசங்கமெல்லாம் எனக்கு மறந்துபோகிறது. வரைபடம் போட்டுச் செய்த வேலை இது.

1910இல் கௌசானல் என்ற பாதிரியார் அந்தத் தடுப்பை இடித்தார். வேளாளக் கிறிஸ்தவர்கள் வழக்குப் போட்டார்கள். கோயிலில் தங்களுக்குத் தனி இடம் பரம்பரை உரிமை என்பது வாதம். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். கிறிஸ்தவக் கோயிலுக்குள் சாதிச் சுவருக்கு உரிமை இல்லை என்று கிறிஸ்தவர்களுக்குச் சொல்ல ஆங்கிலேயர் காலத்து நீதிமன்றம் வேண்டியிருந்தது.

அந்தச் சுவரின் மறுபக்கத்தில் நின்றவர்கள் என் சாதிக்காரர்கள் என்பதை நான் சௌகரியமாக மறந்துவிடக் கூடாது. நெல்லைச் சீமையிலும் திருவிதாங்கூரிலும் கிறிஸ்தவம் எங்களுக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. மதம் மாறியதற்காக அடித்து விரட்டப்பட்டவர்களுக்கு 1799இல் தாவீது சுந்தரானந்தம் முதலூர் என்று ஓர் ஊரையே உண்டாக்கினார். பிறகு நாசரேத், மெஞ்ஞானபுரம், சாயர்புரம் என்று பள்ளிக்கூடமும் கோயிலும் கிணறும் ஒன்றாக எழும்பின. தென் திருவிதாங்கூரில் எங்கள் பெண்கள் தோள்சீலைக்காகப் பல வருஷம் அடிபட்டு, சந்தையில் துணி கிழிக்கப்பட்டு, 1859இல் அரச பிரகடனம் வாங்கினார்கள். மாரை மறைக்க உரிமை கேட்டவர்களின் கொள்ளுப் பேத்திகளுக்கு நாங்கள் இன்றைக்கு விளம்பரம் கொடுக்கிறோம், சாதி குறிப்பிட்டு. மேலே இருந்தவன் எங்களை மிதித்தபோது சாதி பாவமாகத் தெரிந்தது. நாங்கள் மேலே வந்தபிறகு அது கல்ச்சர் ஆகிவிட்டது.

ஊர் ஊராக, குடும்பம் குடும்பமாக, சாதியோடு சேர்ந்தே சபைக்கு வந்தோம் என்பது இதற்கு ஒரு காரணம். தனியாளாக வந்திருந்தால் அடி தாங்கியிருக்க முடியாது. கூட்டமாக வந்ததால் பிழைத்தோம். ஆனால் கூட்டமாக வந்தபோது கூட்டத்தின் வேலியும் கூடவே வந்தது. அதே வட்டாரத்தில் பின்னால் வந்த தலித் குடும்பங்களுக்குத் தெருக்கோடியில் தனி ஜெபவீடு கட்டிக்கொடுத்தோம். அன்புடன்தான் கட்டிக்கொடுத்தோம், சுவரில் நன்கொடையாளர் பெயரோடு.

பழைய கதை என்று நினைப்பவர்களுக்காக ஏறையூர். அப்போது விழுப்புரம் மாவட்டம், இப்போது கள்ளக்குறிச்சி. வன்னியக் கிறிஸ்தவர்களும் தலித் கிறிஸ்தவர்களும் ஒரே கத்தோலிக்கப் பங்கு. கல்லறை தனி, பாடை போகிற பாதை தனி. தலித் மக்கள் தங்களுக்குத் தனிக் கோயில் கட்டி, அதைத் தனிப் பங்காக்கச் சொல்லி உண்ணாவிரதம் இருந்தார்கள். 2008 மார்ச் 9 அன்று மோதல் வெடித்தது, வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள். அன்றைக்குத் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. அடுத்த இரண்டு வாரத்துக்குள் பெரிய வெள்ளி. இரண்டு தரப்பும் நாற்பது நாள் நோன்பில் இருந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள். நோன்பு பட்டியலில் இருக்கிறது.

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவரும் பலமுறை செய்தியானதுதான். செத்தபிறகும் பிணங்களுக்கு நடுவே ஒரு தடுப்பு.

சாதியை எங்கள் சபைத் தலைவர்கள் சத்தமாகப் பேசுகிற இடம் ஒன்று உண்டு. அது டெல்லி. 1950 ஆகஸ்ட் 10இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியேதான். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்றத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் கொடுத்த இலவசப் பெட்டிக்கடை தனக்குக் கிறிஸ்தவன் என்பதால் மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதவில்லை என்று 1985இல் தீர்ப்பு வந்தது. ஆகஸ்ட் 10 கறுப்பு நாளாக அனுசரிக்கப்படுகிறது. கோரிக்கையில் முழு நியாயம் இருக்கிறது, எனக்கு அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் கிறிஸ்தவத்துக்குள் சாதி இருக்கிறது என்று நீதிமன்றத்தில் சத்தியப் பிரமாணம் செய்கிற சபை, அதே ஞாயிறு பாளையங்கோட்டையிலோ நாகர்கோவிலிலோ பிரசங்க பீடத்தில் ஏறி அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2016இல் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டுத் தீண்டாமையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது, நல்ல காரியம். அதைத் தங்கள் பங்கில் உரக்க வாசித்த பங்குச்சாமிகள் எத்தனை பேர் என்று கத்தோலிக்க நண்பர்களைக் கேட்டேன். 'அப்படி ஒண்ணு வந்திருக்கா?' என்றார்கள்.

திருமண்டலத் தேர்தல் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை. அணி, போஸ்டர், வேன், சாப்பாடு, கவர், எல்லாம் உண்டு. ஓய்வுபெற்ற நீதிபதிகள் நிர்வாகிகளாக வந்து நடத்திக் கொடுக்க வேண்டிய அளவுக்குப் போயிருக்கிறது. சாதியும் பணமும் சேர்ந்து வேலை செய்கிற இடம், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தில் மாற்றம் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1850 வாக்கில் சென்னை மிஷனெரிகள் சாதியை விட்டதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். தாழ்த்தப்பட்டவர் சமைத்ததைச் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அந்தப் பரீட்சையில் இன்றைக்கு எல்லாரும் பாஸ். எங்கள் ஊர் அசனத்தில் பெரிய அண்டாக்களில் ஆட்டுக்கறிக் குழம்பு கொதிக்கும், சோற்றைப் பாயில் மலைபோலக் கொட்டியிருப்பார்கள், எல்லாத் தெருவும் வரும், இந்துக்களும் வருவார்கள், யார் பக்கத்தில் யார் உட்கார்ந்தார் என்று ஒருவரும் பார்ப்பதில்லை. சாப்பாட்டில் கோடு அழிந்துவிட்டது. அதை விட்டுக்கொடுக்கப் பெரிய விலை இல்லை என்று ஆனபிறகு அழிந்தது. சொத்தும் சொந்தமும் கைமாறுகிற கல்யாணத்தில் கோடு அப்படியே இருக்கிறது.

இயேசுவின் சீடர் பேதுரு அந்தியோகியாவில் செய்தது இதேதான். யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும் மெதுவாக எழுந்து விலகிக்கொண்டார். புறஜாதியானான கொர்நேலியு வீட்டுக்குப் போகச் சொல்லித் தரிசனம் கண்டவர் அவர். தேவன் பட்சபாதமுள்ளவர் அல்ல என்று அவர் வாயாலேயே சொன்னவர். விசுவாசம் குறைந்து எழவில்லை. சொந்தக்காரன் என்ன நினைப்பானோ என்று எழுந்தார். கலாத்தியர் நிருபத்தில் பவுல் இதை எழுதும்போது, பேதுருவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதாகச் சொல்லவில்லை. எல்லாருக்கும் முன்பாகக் கேட்டேன் என்கிறார். யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று எல்லாரும் மனப்பாடமாகச் சொல்கிற வசனம், இந்தச் சண்டைக்கு அடுத்த அதிகாரத்தில்தான் வருகிறது. நாங்கள் சண்டையை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் காலண்டரில் போட்டுக்கொண்டோம்.

எல்லாருக்கும் முன்பாக என்றால் எங்கள் சபைகளில் அதற்கு ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கிறோம். இன்னார் மகன் இன்னாருக்கும், இன்னார் மகள் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, யாருக்காவது தடை இருந்தால் சொல்லலாம். அந்த ஓலையை வாங்கும்போது ஐயர் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் ஒரு கேள்வி கேட்கட்டும், சேகரக் கமிட்டி முன்னால்: பெண் வீட்டிலிருந்து ரொக்கம் வாங்கினீர்களா? நகை பேசினீர்களா? ஒரு வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அதையும் சேர்த்து வாசிக்கிறேன். பொய்க் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரியும். போடட்டும். குடிக்கிறவனும் திடப்படுத்தலில், சபையின் முழு அங்கத்தினனாக வாக்குக் கொடுக்கும்போது, பொய்தான் சொல்கிறான், அதற்காகக் குடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோமா?

இதை எங்கள் சேகரத்தில் நெடுங்காலம் கமிட்டியில் இருக்கிற ஒரு பெரியப்பாவிடம் சொன்னேன். நல்ல மனிதர். பழைய வேட்டியை உடுத்திக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் நோயாளிகளுக்கு ஜெபிக்கிறவர். பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது வேதத்துல இருக்குடே. நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அப்படிக் கேட்டா நம்மகிட்ட ஓலை கொடுக்க எவன் வருவான்? பக்கத்துல நாலு சபை இருக்கு. அங்க ஏசி வேற."

லைப்ஸிக் மிஷன் கதையை அவரிடம் சொன்னேன். ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாத்தியா, அப்பவே ஓடியிருக்கான்" என்றார். போனவர்கள் போக, வில்சன் பேச்சைக் கேட்டு ஒன்றாக உட்கார்ந்தவர்களும் இருந்தார்களே பெரியப்பா என்றேன். அதற்கு அவர், வரும் மாதக் கமிட்டியில் ஓலை விஷயத்தைப் பேசலாம், நீயே எழுதிக் கொடு, ஆனால் சாதியையும் சேர்க்காதே, முதலில் பணத்தை மட்டும் வை என்றார். நான் இரண்டையும் சேர்த்தே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.